வலது பின் பெட்டி

“பிப்ரவரி 11, ஞாயிறு. சோபாவில் உட்கார்ந்தால் காது உயரம், தரையிலிருந்து 39 அங்குலம். டிவியிலிருந்து சோபா, 10 அடி 4 அங்குலம். சமையலறை வாசலுக்கு மேலே லாஃப்ட், 8 அடி. அளந்தது நான். நாடாவின் மறுமுனை மகள்.”

2024ஆம் ஆண்டு நாட்குறிப்பில் இப்படி எழுதி வைத்திருக்கிறேன். எண்களில் பிழை இல்லை. ஒவ்வொன்றையும் இரண்டு முறை அளந்தேன். ஆனால் எங்கள் வீட்டில் அந்தச் சோபாவில் யாரும் உட்காருவதில்லை. கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் உறையோடு அது இன்றும் இருக்கிறது. பங்குச் சாமியார் ஜெபம் சொல்லி வீடு மந்திரிக்க வரும்போது உட்காருவார். ஊரிலிருந்து உறவினர் வந்தால் உட்காருவார்கள். நானும் மனைவியும் மகளும் ஜமக்காளத்தை விரித்து, சோபாவின் காலில் முதுகைச் சாய்த்துத் தரையில்தான் டிவி பார்ப்போம். இருபது வருடப் பழக்கம். ஹோம் தியேட்டர் பற்றிய வரைபடங்களில் எல்லாம் ஒரு சோபா இருந்தது. அதைப் பார்த்து நானும் சோபாவுக்கு அளந்தேன். இது சிரிக்க வேண்டிய விஷயம் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன்.

ஸ்பீக்கர் பெட்டிகள் வாங்கியது படம் பார்ப்பதற்காக இல்லை. மனைவியின் காதுக்காக. அதை அப்போது நான் எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை.

ஆஸ்டின் டவுனில் எங்கள் வீட்டு ஹால் பத்துக்குப் பதினாலு. சுவரில் டிவி, அதற்கு மேலே சிவப்பு விளக்கோடு இருதயநாதர் படம். மாலை ஏழு மணிக்கு மூவரும் அதன் முன் முழங்காலில் நின்று ஜெபமாலை சொல்வோம். ஒவ்வொரு ஜெபத்திலும் முன்பாதியை நான் சொல்வேன். பின்பாதியை மனைவியும் மகளும் சேர்ந்து சொல்வார்கள். ஜனவரி முதல் வாரத்தில் ஒரு நாள், நான் என் பாதியை முடிக்கும் முன்பே மனைவி தன் பாதியைத் தொடங்கிவிட்டாள். அடுப்பில் சோறு இருக்கிறது, அவசரம் என்று நினைத்தேன். மறுநாளும் அப்படியே ஆயிற்று. அதற்கடுத்த நாள் அவள் படத்தைப் பார்க்காமல் மகளின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மம்மி, ஜெபத்துல ஓவர்டேக் பண்ற நீ,” என்று மகள் சிரித்தாள். கல்லூரியில் படிக்கிறாள், வாய் அதிகம்.

“உங்க டாடி முனகுறார்டி. அவர் எப்ப முடிக்கறார்னே தெரியல.”

டிவியின் சத்தமும் ஏறிக்கொண்டே போனது. திரையின் மூலையில் தெரியும் எண்ணை நான் குறித்து வைத்திருக்கிறேன். நவம்பரில் 14. ஜனவரிக் கடைசியில் 31. கேட்டதற்கு அவளிடம் பதில் தயாராக இருந்தது.

“இந்த டிவிக்கு ஸ்பீக்கர் பின்னாடி இருக்குங்க. சத்தமெல்லாம் செவுத்துக்குத்தான் போவுது. நம்ம பக்கம் வந்தாத்தானே கேக்கும்?”

அந்தப் பதிலை நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவள் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. வகுப்பில் முப்பத்தாறு பிள்ளைகள். பிள்ளைகள் பேசுவது கேட்காத ஆசிரியையை எந்தப் பள்ளி வைத்துக்கொள்ளும்? மார்ச் கடைசியில்தான் அடுத்த ஆண்டுக்கு யாருக்கு எந்த வகுப்பு என்று தலைமை ஆசிரியை முடிவு செய்வார். ஆகவே குற்றம் டிவியுடையதாக இருந்தே ஆக வேண்டும். நல்ல ஸ்பீக்கர் வாங்கி, சரியான இடத்தில் வைத்துவிட்டால் அவளுக்குக் கேட்கும். கேட்டுவிட்டால் அவள் காதில் கோளாறு இல்லை என்று ஆகிவிடும். இந்தக் கணக்கை நம்பித்தான் பிப்ரவரி 10, சனிக்கிழமை அவளையும் அழைத்துக்கொண்டு, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோடு போனேன்.

கடை மாடியில் இருந்தது. கடைக்காரர் என் வயதுக்காரர், மருதாணி வைத்த தாடி.

“டயலாக் தெளிவா கேக்கணும் பாய். சத்தம் ஜாஸ்தி வேணாம்,” என்றேன்.

“அப்போ சென்டரைப் பாருங்கோ சார். ஆளுங்க பேசறதெல்லாம் நடுவுல வைக்கிற அந்த ஒரு பெட்டியிலதான் வரும். மத்த நாலுல மழை, வண்டி, சண்டை. எல்லாரும் வூஃபரைத் தட்டிப் பாத்து மயங்கிடறாங்கோ. நீங்க மயங்காதீங்கோ.”

“டிவிக்கு மேலயா, கீழயா?”

“பேசறவன் வாய் எங்க இருக்கோ அதை ஒட்டி. கேக்கறவங்க காதைப் பாத்து. அவ்ளோதான் சார், வேற சயின்ஸ் இல்லை.”

அவர் என் மனைவியை அறையின் நடுவே ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார். தெருச் சத்தம் வராமல் ஷட்டரைப் பாதி இறக்கினார். ஒவ்வொரு பெட்டியாக ஒலிக்க விட்டார். இடப்பக்கம் ஒலித்தபோது அவள் இடப்பக்கம் பார்த்தாள். வலப்பக்கம் ஒலித்தபோதும் இடப்பக்கமே பார்த்தாள். பாய் மறுபடி வலப்பக்கத்தை ஒலிக்க விட்டார். அவள் அதே பக்கம் பார்த்துப் புன்னகை செய்தாள்.

“எல்லாம் நல்லா இருக்கு பாய்,” என்றாள்.

அவள் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகு, பெட்டிகளை ஏற்றும்போது பாய் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

“தப்பா எடுத்துக்காதீங்கோ சார். இத்தனை வருஷமா ஆளுங்களை உக்கார வச்சு சத்தம் காட்றேன். மேடத்துக்கு ரைட்டு சைடு வேலை செய்யலை. பெட்டி எங்கயும் ஓடிப் போவாது. மொதல்ல டாக்டரைப் பாருங்கோ.”

“உங்க ரோட்டுல இருக்கற சத்தத்துல யாருக்கு பாய் கேக்கும்?”

“சரி சார்,” என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டார்.

அன்றைய குறிப்பில் ஆட்டோ கிளம்பிய நேரம் இருக்கிறது. பெட்டிகளின் எடை இருக்கிறது. பாய் சொன்னது இல்லை. வேண்டுமென்றே விட்டேனா, மறந்தேனா என்று இன்று என்னால் சொல்ல முடியவில்லை. கல்லறைத் தோட்டத்துக் கற்களில் அழிந்துபோன தேதிகளை ஞாயிறு மாலைகளில் தடவிப் பார்த்துப் படியெடுக்கிறவன் நான். ஓர் இடத்தில் எழுத்து இல்லை என்றால் அங்கே என்ன இருந்திருக்கும் என்று கேட்கத் தெரிந்தவன். என் குறிப்பிலேயே ஒரு வரி இல்லாததை நான் கவனிக்கவில்லை.

திங்கட்கிழமை லீவு போட்டுப் பெட்டிகளை மாட்டினேன். டிவிக்குக் கீழே செட்டாப் பெட்டியும் அவள் திருத்தும் நோட்டுக் கட்டுகளும் இருந்தன. ஆகவே சென்டரை மேலே, டிவிக்கும் இருதயநாதருக்கும் நடுவே வைப்பதென்று முடிவு செய்தேன்.

“இருதயநாதரை எறக்கப் போறீங்களா?” என்று மனைவி வந்து நின்றாள். அவள் முகத்தைப் பார்த்துப் பேசினால் அப்போதெல்லாம் எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் வரும்.

“எறக்கல. ஒரு அடி மேல ஏத்தறேன்.”

“முட்டி போட்டா அண்ணாந்து பாக்கணுமே.”

“பரலோகம் மேலதானே மம்மி இருக்கு,” என்றாள் மகள். “டாடி ரூட்டு கரெக்டு.”

கீழே இருந்து பார்க்கத் தோதாக, படத்தின் மேல்விளிம்புக்குப் பின்னால் மடித்த அட்டையைச் சொருகி, படம் முன்பக்கமாகக் குனிந்து பார்க்கும்படி மாட்டினேன். முன் இரண்டு பெட்டிகள் டிவியின் இருபுறமும். இடது பின் பெட்டி, பக்கத்துச் சுவரில் புத்தக அலமாரி மேல். உட்கார்ந்தால் கடைக்கண்ணில் படும். வலது பின் பெட்டிக்குத்தான் இடமில்லை. அந்தப் பக்கம் சோபாவுக்குப் பின்னால் சமையலறை வாசல். ஏணி போட்டு ஏறி, வாசலுக்கு மேலே பரண் போலிருக்கும் லாஃப்டில் கிறிஸ்துமஸ் குடில் பெட்டிக்கும் நட்சத்திரத்துக்கும் நடுவே அதை வைத்தேன். அது மட்டும் உட்காருகிறவரின் முதுகுக்குப் பின்னால், கண்ணுக்கு எட்டாத இடத்தில் இருந்தது.

மறுநாள் செவ்வாய். அதற்கு மறுநாள் திருநீற்றுப் புதன். தவக்காலம் தொடங்கினால் உயிர்ப்புப் பெருவிழா வரை எங்கள் வீட்டில் டிவி கிடையாது. கோவிலில் புனிதர்களின் சுரூபங்களை மூடுகிற மாதிரி, மனைவி ஊதா நிறத் துணி ஒன்றைத் தைத்து வைத்திருக்கிறாள். டிவியை அதனால் மூடிவிடுவாள். எனவே புதுப் பெட்டிகளில் படம் பார்க்க எங்களுக்கு ஒரே ஒரு மாலைதான் இருந்தது. பழைய நகைச்சுவைப் படம் ஒன்று பார்த்தோம். மகள் எந்தப் படத்தையும் அடியில் ஆங்கில எழுத்து ஓடாமல் பார்க்க மாட்டாள்; அன்றும் எழுத்து ஓடியது. சிரிக்க வேண்டிய இடத்தில் எல்லாம் மனைவி சிரித்தாள்.

“பிப்ரவரி 13. சத்தம் 18தான். வசனம் முழுதும் கேட்டாள். இரண்டு இடத்தில் எங்களுக்கு முன்பே சிரித்தாள். சென்டர் வெற்றி.” கடைசி இரண்டு சொற்களுக்கு அடிக்கோடு.

எங்களுக்கு முன்பே எப்படிச் சிரிப்பாள்? ஒருவன் பேசி முடிக்கும் முன்பே அவன் வசனம் எழுத்தில் வந்துவிடும். நானே எழுதி வைத்திருக்கிறேன். எழுதியதை நான் படிக்கவில்லை.

புதன்கிழமை நெற்றியில் சாம்பலோடு வந்து அவள் டிவியை மூடினாள். அத்தோடு எல்லாம் கலைந்தது. கைபேசியிலிருந்து ஜெபமாலை ஒலிப்பதிவை சென்டர் வழியாக ஓட விட்டேன். அவள் எங்கே பதில் சொல்வது என்று தெரியாமல் மகளைப் பார்த்தாள். மகள் தண்ணீர் குடிக்க எழுந்து போனதும் மணிகளை உருட்டிக்கொண்டே சும்மா இருந்தாள்.

பெட்டி வைத்த கோணம் சரியில்லை என்று நினைத்தேன். சென்டருக்கு அடியில் அட்டை சொருகி மூக்கைத் தாழ்த்தினேன். முன் பெட்டிகளை இரண்டு அங்குலம் உள்பக்கம் திருப்பினேன், மறுபடி ஓர் அங்குலம் வெளியே திருப்பினேன். இணையத்தில் யாரோ சொன்னதைக் கேட்டு, பெட்டிகளின் முகத்தில் இருந்த கறுப்புத் துணிமூடிகளைக் கழற்றினேன். அப்படிச் செய்தால் பேச்சு துல்லியமாகும் என்று எழுதியிருந்தார்கள். ஒவ்வொரு பெட்டியிலும் தனித்தனியே ஒரு முரசடி மட்டும் ஒலிக்கும்படி மகள் பென்டிரைவில் ஏற்றித் தந்தாள்.

“தவக்காலத்துல ஹோம் தியேட்டரா டாடி? சாமியாரைக் கேட்டீங்களா?”

“படம் ஓடலையே. அளவுதானே பாக்கறேன்.”

“ஆமா, மம்மிய ஸ்பீக்கர் ஸ்டாண்டு மாதிரி உக்கார வச்சு.”

நான் உட்காரச் சொன்னபோதெல்லாம் மனைவி உட்கார்ந்தாள். மடியில் திருத்த வேண்டிய நோட்டுகள் இருக்கும். முரசடி கேட்டதும் எந்தப் பக்கம் என்று கையால் காட்ட வேண்டும். சோபாவில்தான் உட்கார வேண்டும் என்று நான் சொல்லியிருந்தேன்; அளவுகள் எல்லாம் அதற்குத்தான். சில நேரம் அவள் பிளாஸ்டிக் உறை வேர்க்கிறது என்று வழுக்கித் தரைக்கு இறங்கிவிடுவாள். நான் மேலே ஏறச் சொல்வேன். சில நேரம் சொல்ல மாட்டேன்.

“பிப்ரவரி 18, ஞாயிறு, காலை 10.20. முரசடிச் சோதனை. ஐந்துக்கு ஐந்து. வலது பின்: சட்டென்று திரும்பிப் பார்த்துக் கை காட்டினாள். காது உயரம் 39.”

அன்று நான் ஏணியை மடித்து வைத்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “பாத்தியா? எல்லாம் டிவியாலதான்,” என்றேன்.

“நான் அப்பவே சொன்னேன்ல,” என்றாள்.

அன்று மாலை ஜெபத்தில் அவள் மறுபடி முந்தினாள். நான் ஏணியை மறுபடி விரித்தேன். அந்த வாரம் முழுதும் அலுவலகத்திலிருந்து வந்து சட்டையை மாற்றாமல் நாடாவோடு முழங்காலில் தவழ்ந்தேன். முரசடிக்கு அவள் சரியாகக் கை காட்டுகிறாள். முதுகுக்குப் பின்னால் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. இரண்டும் எப்படி ஒரே வீட்டில் நடக்கும்? பெட்டிகளில்தான் ஏதோ இருக்கிறது, இன்னும் ஓர் அங்குலம்தான் என்று தோன்றும். அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. அவளோ என் முகத்தை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை.

பிப்ரவரி 25, ஞாயிறு. அந்த வாரம் எதிர்வீட்டை இடிக்கத் தொடங்கியிருந்தார்கள். ஹாலெல்லாம் செம்மண் தூசி. காலையில் பெருக்கும்போது மகள் ஐந்து பெட்டிகளுக்கும் துணிமூடிகளை மாட்டிவிட்டாள். நான் அதைப் பெரிதாக எண்ணவில்லை. மனைவியை உட்கார வைத்து முரசை அடித்தேன்.

இடது முன். அவள் சென்டரைக் காட்டினாள். வலது முன். சென்டரைக் காட்டினாள். இடது பின். சற்றுத் தாமதித்து மறுபடி சென்டர். வலது பின்னுக்குக் கையே எழவில்லை. மடியில் இருந்த சிவப்புப் பேனாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

“வயர் லூசாயிருக்கு,” என்று நான் ஏணியில் ஏறினேன். வயரை இழுத்துப் பார்த்தேன். மகளிடம் மறுபடி அடிக்கச் சொன்னேன்.

“டாடி, போதும். எறங்குங்க,” என்றாள் மகள். “எல்லாப் பெட்டியும் கேக்குது. எனக்கு நல்லாக் கேக்குது.”

நான் லாஃப்டைப் பிடித்துக்கொண்டு மேலேயே நின்றேன்.

“அந்தத் துணிய யாரு மாட்டினது?” என்று மனைவி கேட்டாள்.

“ஏன் மம்மி?” என்றாள் மகள்.

“அது இல்லன்னா அந்தக் கறுப்பு வட்டம் துடிக்கும்ல. அதைப் பாத்துச் சொல்லுவேன்.”

உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று சொல்கிற குரலில் சொன்னாள். நான் இறங்கி வந்து அவள் எதிரே ஜமக்காளத்தில் உட்கார்ந்தேன். அவளும் சோபாவிலிருந்து இறங்கினாள்.

“ஒண்ணுமே கேக்கலையா?”

“லெஃப்டுல கேக்குது. மூட்டைக்குள்ள இருந்து பேசற மாதிரி. ரைட்டு சுத்தமா இல்லீங்க.”

“ஸ்கூல்ல எப்படிம்மா சமாளிக்கற?”

“பெஞ்சையெல்லாம் அரை வட்டமாப் போட்டுட்டேன். முப்பத்தாறு வாயும் தெரியும்.” அவளுக்குச் சிரிப்பு வந்தது. “நீங்க அஞ்சு பெட்டிக்கு ரெண்டு வாரமா நாடா புடிக்கறீங்க. நான் ஒரே மத்தியானத்துல முப்பத்தாறையும் வச்சிட்டேன். ஹெட்மிஸ் வந்து பாத்துட்டு, நல்ல ஐடியா மிஸ், எல்லா க்ளாஸ்லயும் இப்படிப் போடுங்கன்னு சொல்லிட்டாங்க.”

மகளும் சிரித்தாள். பிறகு மூவரும் சிரிப்பதை நிறுத்தினோம்.

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“அவ்ளோ ஆசையா ஏணி ஏறி எறங்கறீங்க. உங்களைப் பாத்து கேக்கலன்னு எப்படிங்க சொல்றது?”

பிப்ரவரி 28, புதன்கிழமை மருத்துவமனை. கண்ணாடிச் சுவர் வைத்த சின்ன அறைக்குள் அவளை உட்கார வைத்துக் காதில் ஹெட்போன் மாட்டினார்கள். கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். அவள் வெளியே நிற்கும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். துடிக்கும் வட்டம் எதுவும் அங்கே இல்லை. கையில் கொடுத்த தாளில் இடது காதின் கோடு படிப்படியாகச் சரிந்திருந்தது. வலது காதின் புள்ளிகள், எதுவுமே கேட்கவில்லை என்று காட்டி, தாளின் அடியில் வரிசையாகக் கிடந்தன.

மருத்துவர் இளம்பெண், தமிழ் பேசினார். முகக்கவசம் அணிந்திருந்ததால் மனைவிக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. மகள் சொன்ன பிறகு கவசத்தைக் கீழே இறக்கினார்.

“ரைட் சைடு கொஞ்சம் கொஞ்சமா போச்சாம்மா, திடீர்னு போச்சா?”

“ஒரு நாள் காலைல எழுந்திரிச்சப்ப அடைச்ச மாதிரி இருந்துது டாக்டர். சளின்னு நெனச்சேன். அப்புறம் தெறக்கவே இல்ல.”

“எந்த நாள்னு ஞாபகம் இருக்கா? கரெக்டா தெரிஞ்சா நல்லது.”

மனைவி என் பக்கம் கையைக் காட்டினாள். “இவரைக் கேளுங்க. எங்க வீட்டுல இவருதான் தேதி எல்லாம் எழுதி வைப்பாரு.”

மருத்துவர் பேனாவோடு என்னைப் பார்த்தார். என் பையில் நாட்குறிப்பு இருந்தது. எங்கள் தெருவில் தண்ணீர் வராத நாட்கள் அதில் இருந்தன. டிவிச் சத்தத்தின் எண்கள் இருந்தன. நான் அதைத் திறக்கவில்லை.

“தெரியல,” என்றேன்.

திடீரென்று போன காதுக்கு இரண்டு வாரத்துக்குள் மாத்திரை தொடங்கினால் திரும்புவதற்கு வாய்ப்பு இருக்கிறது, நாள் ஆக ஆக அது குறையும் என்று அவர் விளக்கினார். “இப்பவும் குடுத்துப் பாக்கலாம். வாக்குக் குடுக்க முடியாது.” இன்னொன்றும் சொன்னார்: ஒரே காது வேலை செய்கிறவருக்கு, அதுவும் மங்கலாகக் கேட்கிறவருக்கு, சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று தெரியாது.

மாத்திரை கொடுத்தார்கள். மார்ச் நடுவில் எடுத்த இரண்டாவது தாளில் வலது காதின் புள்ளிகள் அதே இடத்தில் கிடந்தன. இடது காதுக்குக் கருவி வைத்தார்கள். பள்ளியில் அவளே போய்ச் சொன்னாள். அடுத்த ஆண்டு அவளுக்கு வகுப்பு இல்லை. நூலகமும் தையல் பீரியடும் கொடுத்தார்கள். அரைவட்டம் மட்டும் எல்லா வகுப்பிலும் இன்னும் இருக்கிறதாம்.

இரண்டாவது தாளைப் பார்த்த அன்று முதல் நான் ஒரே கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கிறேன். பிப்ரவரி 18 அன்று, முதுகுக்குப் பின்னால் இருந்த பெட்டி ஒலித்ததும் அவள் திரும்பியது உண்மையில் காதால் கேட்டு என்றால், வலது காது அன்றைக்கு இருந்திருக்கிறது. அதற்குப் பிறகுதான் போயிற்று. பத்தே நாளில் மருத்துவரிடம் போய்விட்டோம். மாத்திரை பலிக்கவில்லை, யார் மேலும் தவறில்லை. கேட்காமல் திரும்பியிருந்தால், பாய் 10ஆம் தேதியே சரியாகச் சொல்லியிருக்கிறார். அவர் சொன்ன மறுநாள் போயிருக்க வேண்டிய இடத்துக்குப் பதினெட்டு நாள் கழித்துப் போனோம். நடுவில் நான் அங்குலம் அளந்துகொண்டிருந்தேன்.

ஏப்ரலில் எஸ்.பி. ரோட்டுக்குப் போய்ப் பாயைக் கேட்டேன். அவருக்கு நினைவிருந்தது.

“ரைட்டு இல்லைன்னு சொன்னேனே சார்.”

“ரோட்டுச் சத்தத்துல...”

“ஷட்டரை எறக்கித்தானே சார் காட்டினேன்.” பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டார். “உக்காருங்கோ. டீ சொல்றேன்.”

அப்படியும் 18ஆம் தேதிக் குறிப்பை நான் விடவில்லை. இப்படி ஒரு காது நடுவில் சில நாள் திறந்து மறுபடி அடைக்கக்கூடுமா என்று மருத்துவரைக் கேட்டேன். சிலருக்கு அப்படி ஆவதுண்டு, இவருக்கு ஆயிற்றா என்று யாரும் சொல்ல முடியாது என்றார். வலது பின் பெட்டி கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்தது. துடிக்கும் வட்டத்தைப் பார்த்திருக்க முடியாது. ஆகவே கேட்டிருக்கிறாள். இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு சில வாரம் தூங்கினேன்.

ஒரு ஞாயிறு காலை, பூசைக்குப் பிறகு ஜமக்காளத்தில் சாய்ந்து உட்கார்ந்து நிமிர்ந்தபோது, இருதயநாதர் படத்தின் கண்ணாடியில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் தெரிந்தது. அதன் பக்கத்தில் வலது பின் பெட்டி தெரிந்தது. சென்டருக்கு இடம் விட்டு, படத்தை மேலே ஏற்றி, முன்னால் குனியும்படி மாட்டியவன் நான். எழுந்து துணிமூடியைக் கழற்றி, முரசடியை ஓட விட்டு, திரும்ப வந்து தரையில் உட்கார்ந்து பார்த்தேன். கண்ணாடிக்குள் கறுப்பு வட்டம் மங்கலாகத் துடித்தது. சமையலறை ஜன்னல் வெயில் லாஃப்டில் படும் வேளையில்தான் அது தெரிகிறது. பத்தரை மணிக்குப் பிறகு தெரிவதில்லை. சோபாவில் ஏறி உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் கண்ணாடியில் சமையலறை வாசலின் மேல்சட்டம் மட்டும்தான் தெரிகிறது; பெட்டி தெரியவில்லை. மூன்று ஞாயிறு இதையே செய்து பார்த்துவிட்டேன்.

ஆகவே கேள்வி சின்னது. அன்று காலை அவள் சோபாவில் இருந்தாளா, தரையில் இருந்தாளா? சோபாவில் என்றால் கேட்டிருக்கிறாள். தரையில் என்றால் பார்த்திருக்கலாம்.

குறிப்பில் “காது உயரம் 39” என்று இருக்கிறது. அது சோபாவின் அளவு. ஆனால் அந்த இரண்டு வாரத்தில் ஒவ்வொரு சோதனைக்கும் கீழே நான் 39 என்றே எழுதியிருக்கிறேன், அவள் தரைக்கு இறங்கிவிட்டதாக எனக்கு நன்றாக நினைவிருக்கும் நாட்களுக்கும் சேர்த்து. அந்த எண்ணை நான் அளக்கவில்லை, படியெடுத்திருக்கிறேன்.

மகளைக் கேட்டேன். அந்த நேரம் குளித்துக்கொண்டிருந்ததாகச் சொன்னாள். “டாடி, விட்டுடுங்களேன். எதுக்கு இப்படிப் போலீஸ் மாதிரி?”

மனைவியைக் கேட்டேன். “அந்த ஞாயித்துக்கிழமை, அஞ்சுக்கு அஞ்சு சொன்னியே, அப்ப நீ...”

“சோபாலதாங்க,” என்றாள்.

நான் கேள்வியை முடித்திருக்கவில்லை. எனக்கு எந்தப் பதில் வேண்டும் என்று என் வாயைப் பார்த்தே அவளுக்குத் தெரியும். எஸ்.பி. ரோட்டில் எல்லாம் நல்லா இருக்கு என்று சொன்னபோதும் இதே முகம்தான்.

“அந்தப் பெட்டி அங்க எதுக்கு இனிமே? எறக்கிடுங்க. குடில் பெட்டிய எடுக்க எடைஞ்சலா இருக்கு,” என்கிறாள். நான் இறக்கவில்லை. படத்தையும் நிமிர்த்தவில்லை. இரண்டில் ஒன்று அசைந்தாலும் மறுபடி உட்கார்ந்து பார்க்க வழி இருக்காது.

பிப்ரவரி 18, ஞாயிறு, காலை 10.20க்கு அவள் உட்கார்ந்திருந்த இடம்: சோபா என்று அவளே சொல்கிறாள். வேறு சாட்சி இல்லை. இதுவரை சரிபார்க்கப்படவில்லை.